முப்பத்து மூன்று தடவை தொட்டவர்கள்

"சொல்லுக்குக் கீழ கோடு போட்டா எவன் சல்லி தருவான் மகள்?"

உம்மா இதைக் கேட்டபோது கிணற்றடியில் குந்தியிருந்து ஓரா மீனின் முள்ளை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கைத்தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் நான் எழுதிய ஒரு பக்கம். அதில் 'விமானச் சீட்டு' என்ற சொல் நீலமாகி, அதன் கீழே ஒரு மெல்லிய கோடு விழுந்திருந்தது. முதல் நாள் வரை அது வெறும் சொல். அன்று அது விளம்பரம்.

"இதத் தொட்டா வேற ஒரு கம்பனிட பக்கம் தொறக்கும் உம்மா. ஆக்கள் தொடுற ஒவ்வொரு தரத்துக்கும் எனக்குக் கொஞ்சம் சல்லி வரும்."

"வந்திச்சா?"

"வரும்."

"வரும், வரும். ஒங்கட வாப்பாவும் இப்பிடித்தான். உப்பளத்துல கூலி கூட்டுவாங்க கூட்டுவாங்கன்னு சொல்லிச் சொல்லியே முதுகு ஒடிஞ்சி படுத்தாரு."

உள்ளே பாயில் படுத்திருந்த வாப்பா, "எனக்குக் கேக்குது," என்றார்.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்."

நாங்கள் மூவருமே சிரித்தோம். ஆனால் வீட்டுக்குள் மேசையின் மேல் உம்மாவின் புதுப்பித்த கடவுச்சீட்டு இருந்தது. ஏஜன்சிக்காரர் இரண்டு முறை வந்து போயிருந்தார்.

உம்மா ஏற்கெனவே இரண்டு தடவை வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவர். நான் இரண்டாம் ஆண்டில் படிக்கும்போது போய், ஐந்தாம் ஆண்டில் வந்தார். எட்டில் போய், பத்தில் வந்தார். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். உயர்தரம் சித்தியடைந்த முதல் ஆளும் நான். வாப்பா ஒன்பது வயதில், மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது, ஒரு சீலைப் பையோடு இங்கே புத்தளத்துக்கு வந்து சேர்ந்தவர். அதோடு அவருடைய பள்ளிக்கூடம் முடிந்தது. உம்மா குர்ஆனைத் தடங்கலில்லாமல் ஓதுவார். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். என் சப்பாத்தும், டியூஷனும், புத்தளம் டவுனில் நான் படித்த கணினி டிப்ளோமாவும் உம்மா யாரோ ஒருவருடைய குளியலறையைத் தேய்த்ததால் வந்தவை. அவருடைய விரல் நுனிகளில் இப்போதும் தோல் உரியும்.

அந்த உம்மா மூன்றாவது தடவையும் போவதென்றால் நான் படித்த படிப்புக்கு என்ன அர்த்தம்? எனக்கு அந்தக் கேள்வி சோற்றில் கல்லாக வந்து வந்து பல்லில் பட்டது.

மீனைக் கழுவி முடித்துவிட்டு உம்மா கையை உதறினார்.

"அப்ப கேளு. மூணு பொற. மூணு பொறைக்கும் வீடு ஓடுற அளவுக்குச் சல்லி வந்தா, நான் பாஸ்போட்ட அலுமாரில வெச்சுப் பூட்டிடுறேன். ஒரு மாசம் தவறினாலும் போவேன். பொறவு அழக் கூடாது."

உம்மாவுக்கு மாதம் என்றால் பிறை மாதம்தான். அன்று றஜப் மாதப் பிறை பார்த்து நான்கு நாள் ஆகியிருந்தது. றஜப், ஷஃபான், றமழான். நோன்புப் பெருநாள் பிறை தெரியும்போது கணக்கு முடியும்.

நான் ஒப்புக்கொண்டேன்.

*

இணையத்தளம் ஒரு சின்னக் காரணத்தில் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் என்னைப் 'படிச்ச புள்ள' என்பார்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, அடையாள அட்டை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று எந்தப் படிவம் கிடைத்தாலும் பெண்கள் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டு வருவார்கள். பாதிப் படிவங்கள் சிங்களத்தில் இருக்கும். நான் என்னுடைய பேனையால்தான் நிரப்புவேன். வேறு பேனையைத் தொடமாட்டேன். காசு வாங்கமாட்டேன். அவர்கள் எதிரே கதிரையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி அலுத்ததால் அவற்றை எழுதி இணையத்தில் போட்டேன். எந்த அலுவலுக்கு எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும், என்ன பத்திரம் வேண்டும், எத்தனை போட்டோ வேண்டும், எந்த ஜன்னலில் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல வேறு ஊர்க்காரர்களும் வாசிக்கத் தொடங்கினார்கள். வண்ணாத்திவில்லுவிலிருந்து ஒரு வாத்தியார் பிழை திருத்தி எழுதினார். கல்பிட்டியிலிருந்து பெண்கள் கேள்வி அனுப்பினார்கள். மிக அதிகமாக வாசிக்கப்பட்ட பக்கம், 'வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்கள் எடுக்க வேண்டிய பத்திரங்கள்.' உம்மாவோடு வரிசையில் நின்று நின்று கற்றதை அதில் எழுதியிருந்தேன்.

எழுத்து விளம்பரம் கொடுக்கும் நிறுவனம் வெளிநாட்டில் இருந்தது. அது படமோ பெட்டியோ போடாது. என் கட்டுரையில் உள்ள சொற்களையே தேடிப் பிடித்து, அவற்றின் கீழ் கோடு போட்டு, விளம்பரக்காரர்களின் பக்கங்களோடு இணைத்துவிடும். வங்கிக் கணக்கு, காப்புறுதி, விமானச் சீட்டு. நான் செய்ய வேண்டியதெல்லாம் அவர்கள் தரும் நாலு வரியைத் தளத்தின் உள்ளே ஒட்டுவதுதான். விதிமுறைகள் ஆங்கிலத்தில் முப்பது பக்கம் இருந்தன. இரண்டு நாள் அகராதியோடு உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். சொந்தத் தளத்தின் விளம்பரத்தைத் தானே தொடக் கூடாது. மற்றவர்களைத் தொடச் சொல்லவும் கூடாது. அப்படி நடந்தால் கணக்கு மூடப்படும்.

நான் யாரையும் தொடச் சொல்லவில்லை. இதை அல்லாஹ் அறிவான்.

உம்மாவிடம் நான் சொன்னதெல்லாம், 'தொட்டால் சல்லி வரும்' என்ற ஒரே வரி. அந்த முப்பது பக்கத்தில் மிச்சம் இருந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் விளங்காது என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த பிழை. விளக்கத் தெரியாமல் இல்லை. விளக்க மனம் வரவில்லை.

*

றஜப்பில் சல்லி வந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தபோது உம்மாவின் முகத்துக்கு நேரே போனை நீட்டினேன். எண்களை உம்மா நன்றாக வாசிப்பார். இரண்டு தரம் வாசித்தார். "சரி, ஒண்டு," என்றார். ஆனால் அன்று வாப்பாவுக்கு முதுகுக்குப் பூசும் தைலம் வாங்கப் போனவர், திரும்பி வரும்போது எனக்கு ஒரு பேனை வாங்கி வந்திருந்தார்.

ஷஃபானிலும் வந்தது. இந்த முறை உம்மா மேசையில் இருந்த கடவுச்சீட்டை எடுத்து அலுமாரியின் மேல் வைத்தார். உள்ளே வைக்கவில்லை.

ஆனால் எந்தச் சொல்லிலிருந்து அந்தச் சல்லி வந்தது என்பதை நான் வீட்டில் சொல்லவில்லை. நிறுவனம் ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகக் கணக்குக் காட்டும். 'வங்கிக் கணக்கு' ஒன்றும் பெரிதாகத் தரவில்லை. 'காப்புறுதி'யும் அப்படித்தான். முக்கால்வாசிச் சல்லி 'வெளிநாட்டு வேலை' என்ற இரண்டு சொற்களிலிருந்து வந்தது. அந்தக் கோட்டைத் தொட்டால் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏதோ ஒரு பக்கம் திறக்கும்.

ஷஃபான் கடைசியில் ஒரு பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள். பெயர் போடவில்லை. 'தங்கச்சி, நீங்கள் காட்டின இடத்தில்தான் பெயர் கொடுத்திருக்கிறேன். நல்ல ஆக்களா? எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.'

நான் எந்த இடத்தையும் காட்டவில்லை. காட்டியது இயந்திரம். அதை அவளுக்கு எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், 'எனக்கு அவர்களைத் தெரியாது, விசாரித்துப் பாருங்கள்,' என்று எழுதினேன். அவளிடமிருந்து பதில் வரவில்லை. என் உம்மா வீட்டில் இருப்பதற்காக இன்னொரு வீட்டு உம்மாவுக்குக் கதவைத் திறந்து விட்டிருக்கிறேனோ என்ற எண்ணம் வந்தது. இன்னும் ஒரு மாதம்தானே, அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிடலாம் என்று அந்த எண்ணத்தை அடக்கினேன்.

*

நோன்பு பிடித்த முதல் வாரத்தில் தொடுகைகளின் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு நாளின் இருபத்து நான்கு மணித்தியாலத்துக்கும் ஒரு கோட்டுப் படம் இருக்கும். எப்போதும் அது ஓரளவு சமமாகக் கிடக்கும். இப்போது அதில் ஐந்து முகடுகள் எழுந்தன. விடியற்காலையில் ஒன்று, மதியம் ஒன்று, பின்னேரம் ஒன்று, பொழுதுபட்டு ஒன்று, இரவில் ஒன்று.

எனக்குச் சந்தோஷம். நோன்பு மாதத்தில் ஆட்கள் போனோடு அதிகம் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஐந்து முகடு. ஐந்து வேளை. உயர்தரத்தில் தர்க்கவியல் படித்தவளுக்கு அது தெரியவில்லை.

பதினைந்தாம் நோன்பன்று கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் ஏழு வரி. உங்கள் தளத்தில் இயல்புக்கு மாறான தொடுகைகள் காணப்படுகின்றன. அதே பன்னிரண்டு தொலைபேசிகளிலிருந்து ஒரே எண்ணிக்கையில், ஒவ்வொரு முறையும் முப்பத்து மூன்று தடவை, நாளுக்கு ஐந்து முறை. இது மனிதர்கள் அல்ல, இயந்திரம் என்று கருதுகிறோம். உங்கள் கணக்கு மூடப்பட்டது. இந்த மாத வருமானம் வழங்கப்படமாட்டாது.

முப்பத்து மூன்று என்பது தொழுகைக்குப் பிறகு விரல்களில் எண்ணி ஓதும் தஸ்பீஹின் எண்ணிக்கை.

அஸர், பின்னேரத் தொழுகை நேரம். பக்கத்து வீட்டு மாமியின் கதவு திறந்திருந்தது. நோன்பு மாதத்தில் எங்கள் தெருப் பெண்கள் மதியத் தொழுகையான லுஹருக்குப் பிறகு அவர் வீட்டில்தான் கூடி ஓதுவார்கள். உம்மா தவறாமல் போவார். எனக்கு வேலை இருக்கிறது என்று நான் போவதில்லை. வாசலில் நின்று பார்த்தேன். மாமி முஸல்லா விரிப்பில் உட்கார்ந்து விரல்களில் தஸ்பீஹ் எண்ணிக்கொண்டிருந்தார். முடித்து, கையை முகத்தில் தடவிவிட்டு, பக்கத்திலிருந்த போனை எடுத்தார். திரையில் என் தளம். ஆள்காட்டி விரலால் கோடு போட்ட சொல்லைத் தொட்டார். ஒரு பக்கம் திறந்தது. அதை மூடினார். மறுபடி தொட்டார். உதடு எண்ணிக்கொண்டே இருந்தது.

"மாமி, என்ன செய்றீங்க?"

"பொறு புள்ள, எண்ணம் தப்பிடும்."

நான் பொறுத்தேன். அவர் முப்பத்து மூன்று வரை எண்ணி முடிக்கும் மட்டும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று போனை வைத்தார். "ஒனக்குத்தான் செய்றேன். ஒங்கட உம்மா எல்லாத்தையும் சொன்னா. மகள்ட கோட்டத் தொட்டா சல்லி வருமாம், சல்லி வந்தா தான் போகமாட்டேன்னா. ஓதல் முடிஞ்சி எல்லாருமா நிய்யத்து வெச்சோம். பன்னெண்டு பேரு. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் பொறவு முப்பத்தி மூணு. தஸ்பீஹோட சேத்தா மறக்காதே. சல்லி செலவில்லாத சதகா, தருமம், நோன்பு மாசத்துல. இத விட வேற என்ன நன்மை கிடைக்கும் சொல்லு?"

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"என்ன புள்ள மொகம் இப்பிடி? போதாதா? நாப்பது ஆக்கவா?"

"போதும் மாமி."

"ஒங்கட கணக்குக்கு வந்திச்சா?"

"ஓம் மாமி. போதும்."

நோன்போடிருந்த என் வாயிலிருந்து அந்தப் பொய் வந்தது.

*

நிறுவனத்துக்கு மேல்முறையீடு எழுதினேன். எனக்குத் தெரிந்த எல்லா ஆங்கிலத்தையும் அதில் போட்டேன். இவர்கள் இயந்திரங்கள் அல்ல, பெண்கள் என்று எழுதினேன். ஐந்து வேளைத் தொழுகையை விளக்கினேன். தொழுகைக்குப் பிறகு ஓதும் தஸ்பீஹை விளக்கினேன். முப்பத்து மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது என்று விளக்கினேன். அழித்து அழித்து ஐந்து தரம் எழுதினேன். ஒவ்வொரு தரமும் உண்மையைச் சொல்லச் சொல்ல குற்றம் கூடிக்கொண்டே போனது. இயந்திரம் என்றால் சந்தேகம் மட்டும்தான். பன்னிரண்டு பெண்கள் எனக்குச் சல்லி வர வேண்டும் என்று நேர்ந்து தொட்டார்கள் என்றால், அது விதிமுறையின் பதினொன்றாம் பக்கத்தில் உள்ள அதே குற்றம்.

இரண்டு நாளில் பதில் வந்தது. ஒரே வரி. முடிவு மாற்றப்படமாட்டாது.

அந்த இரண்டு நாளும் உம்மா ஓதப் போய் வந்தார். கஞ்சி காய்ச்சினார். நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். நான் தலையைக் குனிந்தேன். இரவில் தூக்கம் வரவில்லை, பகலில் பசி தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் உம்மாவை ஏற்றிப்போன வேனின் பின்கண்ணாடியில் தெரிந்த அவருடைய முக்காடு திரும்பத் திரும்ப மனதில் வந்தது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அழுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியாத வயது. இப்போது இருபத்து மூன்று. இப்போதும் வேறொன்றும் தெரியவில்லையே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பத்தொன்பதாம் நோன்பன்று ஏஜன்சிக்காரர் வந்தார். கட்டையான ஆள், வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் இரண்டு போன். உம்மாவின் மருத்துவ அறிக்கை வந்துவிட்டது என்றார். பெருநாள் கழித்து அடுத்த கிழமை பயணம் என்றார்.

"நான் போக மாட்டேன் போல தம்பி," என்றார் உம்மா. அவருடைய குரலில் பெருமை இருந்தது. "மகள்ட சல்லி வருது. இந்தப் பொறையோட மூணு."

"வரல்ல," என்றேன்.

உம்மா திரும்பிப் பார்த்தார்.

ஏஜன்சிக்காரர் இருக்கிறாரே என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், முகடுகள், மாமியின் விரல், முப்பத்து மூன்று. உம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். வாப்பா மெல்லச் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"நானா கெடுத்தேன்?" என்று உம்மா கேட்டார்.

"நீங்க இல்ல. நான் ஒங்களுக்குச் சொல்லல்ல."

ஏஜன்சிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"மகள், அந்த வெளிநாட்டுப் பத்திரப் பக்கம் ஒங்கடதா? நான் பாத்திரிக்கேன். எங்கட ஆக்கள் எல்லாம் அதத்தான் பாக்கிறாங்க. கம்பனி போனா போகட்டும். அதுல எங்கட ஏஜன்சி பேரப் போட்டுக் கோட்டப் போடுங்க. தொட்டாலும் தொடாட்டியும் மாசா மாசம் நான் தாறேன். ஒங்கட கம்பனி தந்தத விட ஒரு பிடி கூடவே தாறேன். ஒங்கட உம்மா போகவும் தேவல்ல."

மூன்றாவது மாதம் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது. ஓம் என்று ஒரு சொல். வாப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பெண்ணின் செய்தி நினைவு வந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள். இயந்திரம் காட்டியது என்று அவளிடமிருந்து தப்பிக்கொண்டேன். இனி அப்படிச் சொல்ல முடியாது. காட்டும் விரல் என்னுடையதாக இருக்கும். அடுத்த செய்தி மாமியின் மகளிடமிருந்துகூட வரலாம்.

"ஏலாது," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "யோசிங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவர் போன பிறகு உம்மா என் மேல் பாய்ந்தார்.

"யார்ட்டக் கேட்டு ஏலாதுன்னு சொன்ன? போறது நானா நீயா? நீ பேரப் போடாட்டி ஒருத்தியும் போகமாட்டாளா? நான் மொதல் தரம் போகக்குள்ள எந்தக் கோட்டத் தொட்டுட்டுப் போனேன்?"

"தெரியும் உம்மா."

"பொறவு?"

"நான் எழுதின பக்கத்த நம்பித்தான் அவங்க வாறாங்க."

உம்மா வாசலுக்குப் போய் நின்றார். எங்கள் வீட்டு மதில் தெருவைப் பார்த்தது. போன வருடம் ஒரு பெயின்ட் கம்பனி வந்து மதில் முழுக்கத் தன் பெயரை எழுதி, அதற்காக ஒரு தொகையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. உம்மா அதைக் கையால் காட்டினார். கோபத்தோடுதான் காட்டினார்.

"இந்த மதிலுக்குப் பெயின்ட் அடிச்சவன் தெருவால போறவங்களத் தொடச் சொன்னானா? எத்தின பேரு பாத்தாங்கன்னு வந்து எண்ணினானா? எடத்துக்குச் சல்லி தந்தான், போனான். நீ என்னத்துக்குத் தொடுறத வித்த?"

முப்பது பக்கம் வாசித்தவளுக்கு ஏன் அது தோன்றவில்லை என்று யோசித்தேன்.

"அந்த மனிசன் சொன்னதும் எடத்துக்குத்தானே," என்றார் வாப்பா.

"ஓம். ஆள் வேற," என்றார் உம்மா. நெடுநேரம் கழித்து, அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பொற இன்னும் தெரியல்ல. பத்து நாள் இரிக்கி. அதுக்குப் பொறவு நான் ஒண்டும் கேக்கமாட்டேன்."

*

அன்று பின்னேரமே தளத்திலிருந்து நிறுவனத்தின் நாலு வரியை எடுத்தேன். எல்லாக் கோடுகளும் ஒரே நொடியில் மறைந்தன. சொற்கள் மறுபடி வெறும் சொற்களாயின.

அடுத்த நாள் லுஹருக்குப் பிறகு முதன்முறையாக மாமி வீட்டு ஓதலுக்குப் போனேன். ஓதி முடிந்ததும் பன்னிரண்டு பேருக்கும் நடந்ததைச் சொன்னேன். முப்பது பக்கத்தில் என்ன இருந்தது என்று, யாரும் நடுவில் எழும்பாமல், முழுவதையும் சொன்னேன். எல்லாருக்கும் விளங்கியது. மாமி அழுதார். "நாங்க மிசின்னா நெனச்சாங்க?" என்று கேட்டார். அழுகைக்கு நடுவே யாரோ, "மிசினுக்கு நோன்பு இல்லையே," என்றார்கள். ஒருத்தரும் சரியாகச் சிரிக்கவில்லை.

பிறகு கடைகளுக்குப் போனேன். ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன்: ஒரு வரி, ஒரு மாதம், ஒரே தொகை, வரிக்கு முன்னால் 'விளம்பரம்' என்ற சொல் இருக்கும், யாரும் தொடுவதை யாரும் எண்ணமாட்டோம். புடைவைக் கடையில் பெருநாள் கூட்டம், நிற்கவே இடமில்லை. "பெருநாள் முடிய வாங்க தங்கச்சி," என்றார்கள். பெருநாள் முடிந்து வந்து என்ன பிரயோசனம் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. ஒரு மருந்துக் கடைக்காரர் தாளை வாசிக்காமலே திருப்பித் தந்தார். ஒருவர், "ஒங்கட வீட்டு ஆம்புளைய வரச் சொல்லுங்க, கதைப்போம்," என்றார். வாப்பா பஸ் ஏறும் நிலையில் இல்லை என்பதை அவரிடம் சொல்லாமல் வெளியே வந்தேன். வெயிலில் நா ஒட்டியது. பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்து, திரும்பிப் போய் ஏஜன்சிக்காரருக்கு ஒரு அழைப்பு எடுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவருடைய எண்ணைத் திரைக்குக் கொண்டுவந்தும் பார்த்தேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

தில்லையடியில் போட்டோப் பிரதியும் பாஸ்போட் போட்டோவும் எடுக்கும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. அதற்கு இருபத்து மூன்றாம் நோன்பன்று போனேன். கடைக்காரர் என் தாளை இரண்டு தரம் வாசித்தார்.

"இங்க வாறவங்க ஒங்கட பக்கத்தப் போன்ல காட்டி, இதுல உள்ள எல்லாத்தையும் கொப்பி எடுங்கன்னுதான் சொல்றாங்க," என்றார். "எழுதினது நீங்களா?"

"ஓம்."

"நான் ஏதோ கந்தோர்ல உள்ள பெரிய ஆள்னு நெனச்சேன்." சல்லி வைக்கும் மேசை லாச்சியைத் திறந்தார். "ஒரு மாசம் போட்டுப் பாப்போம். புடிச்சா அடுத்த மாசமும்."

அவர் தந்தது உம்மா கேட்ட அளவில் கால்வாசி. அன்று அஸருக்கு முன் அந்த வரியை ஏற்றினேன். 'விளம்பரம்' என்று தொடங்கும் அந்த வரியைப் பத்திரங்கள் பற்றிய பக்கங்களின் அடியில் போட்டேன். உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்தார். விரலை அந்த வரிக்கு மேலே கொண்டுபோய், தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"தொடலாம் உம்மா. இதுக்கு எண்ணிக்க இல்ல."

"வேணாம்," என்று கையை எடுத்துக்கொண்டார்.

சல்லியை அவரிடம் கொடுத்தேன். எண்ணாமல் அலுமாரியின் மேல், கடவுச்சீட்டின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. பயணத் திகதியை உம்மா இன்னும் மாற்றச் சொல்லவில்லை. ஏஜன்சிக்காரர் நேற்றும் அழைத்தார். உம்மா, "பொற தெரியட்டும்," என்று வைத்துவிட்டார்.

இன்று இருபத்து நான்காம் நோன்பு. இன்னும் மூன்று கடை வேண்டும். பிறைக்கு ஐந்து நாளோ ஆறு நாளோ. விடியுமுன் சஹர் சாப்பிட்ட பிறகு படுக்காமல், தாளைப் புதிதாக எழுதினேன். உம்மா வாங்கித் தந்த பேனையால் எழுதினேன். முதல் பஸ்ஸில் மதுரங்குளிக்கு வந்து இறங்கினேன். இங்கே ஒரு புத்தகக் கடை இருக்கிறது. படிவங்களும் கோப்புகளும் விற்பார்கள் என்று கனமூலையிலிருந்து எங்கள் தெருவுக்குக் கலியாணம் முடித்து வந்து, ஓதலுக்கும் வரும் ஒருவர் சொன்னார். கடை பாதிதான் திறந்திருந்தது. உள்ளே ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்.

பாதிக் கதவுக்குள் குனிந்து நுழைந்தேன். ஸலாம் சொன்னேன். அவர் திரும்புவதற்கு முன்பே தாளை மேசையில் விரித்து வைத்துவிட்டேன்.